சிலோனிலிருந்து நெல்லை டவுணுக்கு வரும் குடும்பம்: 1973-ல் நடக்கும் படத்தின் திரைக்கதையைச் சரிபார்க்க உதவி வேண்டும்

பொருநைக்கரை:

வணக்கம். 100 நிமிஷத்துக்குள் முடிகிற ஒரு குடும்பப் படம். கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் மூன்று தலைமுறையாக இருந்த குடும்பம் 1973-ல் கப்பலேறி வந்து, திருநெல்வேலி டவுணில் ஒரு வளவில் (ஒரே வாசலுக்குள் வரிசையாக இருக்கும் சின்ன வீடுகள்) வாடகைக்குக் குடியேறுகிறது. அப்பா, அம்மா, அப்பாவைப் பெற்ற ஆச்சி, 9 வயதுப் பெண், 6 வயதுப் பையன். பூர்வீகம் சங்கரன்கோவில் பக்கத்து ஊர். அங்கே சொந்தக்காரர்கள் திண்ணையோடு அனுப்பிவிட்டதால் டவுணுக்கு வருகிறார்கள். அப்பா மறுவாழ்வுக் கடனில் பலசரக்குக் கடை வைத்து நொடிக்கிறார். அம்மா பீடி சுற்றப் பழகி வீட்டைத் தாங்குகிறாள்.

இப்போதைய படியில் முதல் 20 பக்கம் தலைமன்னார் துறை, கப்பல், மண்டபம் அகதி முகாம், ரயில் என்று போகிறது. பிறகுதான் டவுண். 24 நாளில், ஒரே கேமராவில், முடிந்தவரை நெல்லை மாவட்டத்துக்குள்ளேயே எடுக்க வேண்டும். தோட்டத்துக் காட்சிகளுக்கு மாஞ்சோலை மனதில் இருக்கிறது.

கேட்க நினைப்பவை: காகிதம், தேதி விஷயத்தில் எங்கெல்லாம் சறுக்கும்? கடை ஏன் நொடிக்கிறது என்பதற்கு நம்பும்படி ஒரு காரணம் வேண்டும். இப்போது “எல்லாரும் ஏமாற்றினார்கள்” என்றுதான் எழுதியிருக்கிறேன். சின்ன அறைக்குள் ஐந்து பேரை வைத்து எப்படி எடுப்பது? இரண்டு குழந்தைகளை நடிக்க வைக்க என்ன அனுமதி? யார் எந்தத் தமிழ் பேச வேண்டும்?

தட்டப்பாறை:

முதலில் “அகதி முகாம்” என்ற சொல்லைத் திரைக்கதையில் எல்லா இடத்திலும் அடிச்சிடுங்க. உங்க குடும்பம் அகதி இல்லை, தாயகம் திரும்பியோர். கையில் இந்தியக் கடவுச்சீட்டோடு வருகிற இந்தியக் குடிமக்கள். அகதிகள் கூட்டமாக வந்தது 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு. டவுண்காரர் யாராவது அறியாமல் “அகதி” என்று கூப்பிடலாமே என்று தோன்றும். 1973-ல் “சிலோன்காரவ” என்றுதான் வாயில் வரும்.

பின்னணி இது. 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேருக்குக் கணக்குப் பார்த்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நின்றது. 1974-ல் அதையும் ஆளுக்குப் பாதி, 75,000 என்று பிரித்தார்கள். ஆகவே 1973-ல் வருகிறவர்களுக்கு, பின்னால் இருக்கும் உறவினர் சிலர் எந்த நாடு என்றே முடிவாகாத நிலை. அம்மாவின் தம்பி ஒருவனை அந்த மீதிக் கணக்கில் வையுங்க. கடிதத்துக்குக் கதையில் ஒரு வேலை கிடைக்கும்.

ஏன் 1973? எஸ்டேட்டுகளில் அரிசி, மாவுத் தட்டுப்பாடு கடுமையாகி, பட்டினிச் சாவு வரை போன காலம் 1973–74. அப்பாவுக்கு நீங்க எழுதியிருக்கிற “தாய்மண் ஆசை” வசனத்தை விட இது வலுவான காரணம். ஆச்சிக்கு அந்த ஆசை இருக்கட்டும்.

கையில் என்ன பணம் இருக்கும்? சேமநிதியையும் பணிக்கொடையையும் கொண்டுவர ஒப்பந்தம் அனுமதித்தது. ஒரு குடும்பம் எடுத்துப்போகக்கூடிய சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது என்றும் அதில் எழுதியிருக்கிறது. நகை, பாத்திரம் எல்லாம் சுங்க மேசையில் சோதிக்கப்படும். கப்பல் காட்சிக்குச் செலவழிப்பதை விட அந்த மேசையைக் காட்டுங்க. ஒரு தகரப்பெட்டி, ஒரு அதிகாரி, வரிசையில் பின்னால் நிற்பவர்களின் அவசரம், இவ்வளவு போதும். தூத்துக்குடியில் பழைய கிட்டங்கி (சரக்குக் கிடங்கு) ஒன்று கிடைத்தால் ஒரே நாளில் முடியும்.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்குத்தான் வந்தது. உங்க படியில் ஆச்சி “தனுஷ்கோடி வந்துட்டோமா” என்று கேட்கிறாள். பழைய நினைப்பில் கேட்பதாக இருந்தால் நல்ல வசனம். மற்றவர்கள் அதற்கு ஆமாம் போடுவதுதான் தப்பு. மண்டபம் முகாமும் புதிதாகக் கட்டியது இல்லை. முன்பு இலங்கைக்குப் போகிற தோட்டத் தொழிலாளிகளை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த அதே இடம். கொள்ளுத்தாத்தா போன வாசல் வழியாகவே இவர்கள் உள்ளே வருகிறார்கள்; இதை யாரும் வசனமாகச் சொல்ல வேண்டாம்.

“குடும்ப அட்டை” என்று ஒரு காகிதம் இருக்கும். அதைக் காட்டித்தான் மறுவாழ்வு உதவி. தேயிலை என்றால் 1968-ல் அரசு தொடங்கிய நீலகிரித் தோட்டங்கள், ரப்பர் என்றால் கன்னியாகுமரிப் பக்கம், இல்லையென்றால் நூற்பாலை, இல்லையென்றால் வியாபாரக் கடன். உங்க ஆள் வியாபாரக் கடன் பிரிவில் வந்தவர். அதனால்தான் மலைக்கு அனுப்பாமல் டவுணில் விட்டார்கள் என்று ஒரு வரி எங்காவது வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் தேயிலை தெரிந்தவர் ஏன் தேயிலைக்குப் போகவில்லை என்று பார்க்கிறவர் கேட்பார்.

ஒரு சின்ன எச்சரிக்கை: 1972 மே 22-ல்தான் சிலோன் ஸ்ரீலங்கா ஆனது. அதற்கு முன் தேதியிட்ட முத்திரையில் ஆங்கிலத்தில் ‘சிலோன்’, பின்பு ‘ஸ்ரீலங்கா’. ஒரே கடவுச்சீட்டில் இரண்டும் இருக்கலாம். தேதியை மட்டும் கலைத்துறை மாற்றிப் போட்டுவிடக் கூடாது.

நாட்டு ஓடு:

கடை நொடிப்புக்குக் காரணம் தருகிறேன்: எடைக்கல்.

இந்தியாவில் 1962-க்குள் மெட்ரிக் எடை கட்டாயமாகிவிட்டது. இலங்கையில் 1973-ல் இன்னும் இறாத்தல் (பவுண்டு). ஒரு இறாத்தல் 453.6 கிராம். தோட்டத்துக் கடையில் அரிசி, மாவு வாங்கிப் பழகியவருக்கு இறாத்தல்தான் கைக்கணக்கு. மொத்தக்கடையில் 50 கிலோ மூட்டை எடுத்து, மனசுக்குள் 110 இறாத்தல் என்று பெருக்கி, இறாத்தலுக்கு ஒரு விலை கட்டுகிறார். விற்கும்போது கையில் இருப்பது அரைக்கிலோக் கல். இறாத்தல் விலைக்கே அரைக்கிலோ போடுகிறார். ஒவ்வொரு தடவையும் 46 கிராம் சும்மா போகிறது. மூட்டை முடியும்போது 100 விற்பனைதான் நடந்திருக்கும், 110 இல்லை. பத்தில் ஒரு பங்கு போயிற்று, பலசரக்கில் லாபமே அவ்வளவுதான். யாரும் ஏமாற்றவில்லை. கடையில் கூட்டம் மட்டும் அலைமோதும், அதுவும் அவருக்கு ஏன் என்று புரியாது. பள்ளிக்கூடத்தில் மெட்ரிக் படிக்கும் 9 வயதுப் பெண்தான் இதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு மேல் பற்றுவரவு நோட்டு. எஸ்டேட்டில் ரேஷனுக்கான பணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். கடன் கொடுத்தால் தானாக வசூலாகிவிடும் என்ற பழக்கத்தில் வந்தவர். டவுணில் கடனைக் கேட்டு நடக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிவதற்குள் மூன்றாவது நோட்டு நிரம்பியிருக்கும். இந்த இரண்டும் சேர்ந்தால் நொடிப்புக்குப் போதும், வில்லன் தேவையில்லை.

இனி பார்வைக்குத் தெரிகிற தப்புகள்.

தமிழ் எழுத்துச் சீர்திருத்தம் 1978-ல் வந்தது. அதற்கு முந்திய போர்டு எதுவானாலும் ணை, லை, ளை, னை எல்லாம் தும்பிக்கை போட்ட பழைய வடிவம். ணா, றா, னாவும் பழைய வடிவம்தான். “பாளையங்கோட்டை” என்று பஸ்ஸில் எழுதினாலே ‘ளை’ மாட்டிக்கொள்ளும். “விலை”, “வேலை”, “மளிகை” என்று எழுதும்போது எந்த எழுத்து மாறும், எது மாறாது என்று பட்டியல் போட்டு போர்டு எழுதுகிறவர் கையில் கொடுங்க (‘கை’ மாறாது). கம்ப்யூட்டர் எழுத்துருவை அச்சடித்து ஒட்டினால் கிட்டத்தில் காட்டிக்கொடுத்துவிடும், தூரிகையால் எழுதச் சொல்லுங்க.

ரூபாய்க் குறியீடு 2010-ல் வந்தது. விலைப்பலகையில் ‘ரூ.’ தான். பைசாவில் 1, 2, 3, 5, 10, 20, 25, 50 எல்லாம் கல்லாவில் இருக்கலாம். தாமரை போட்ட மஞ்சள் 20 பைசா கிடைத்தால் நாலைந்து சேர்த்துப் போடுங்க. அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது, 1973-ல் சாதாரண ஆள் எழுதும் முகவரியில் அது இருக்காது. “மாநகராட்சி” என்ற சொல் சுவரில் எங்கும் கூடாது. நெல்லை மாநகராட்சி ஆனது 1994. அன்று திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் தனித்தனி நகராட்சிகள். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986, தென்காசி 2019. ஆகவே சங்கரன்கோவிலிலிருந்து டவுணுக்கு வருவது அதே மாவட்டத்துக்குள் நடக்கிற பயணம். ஜங்ஷன் ஈரடுக்குப் பாலம் 1970-களின் தொடக்கத்தில் வந்தது. காட்டினால் புதுசாகக் காட்ட வேண்டும், இன்றைய கறையோடு காட்டினால் தப்பு. தவிர்ப்பதே லேசு. ஆற்றுப்பாலம் வேண்டுமென்றால் சுலோச்சன முதலியார் பாலத்தைக் கீழே படித்துறையிலிருந்து வளைவுகள் மட்டும் தெரிகிற மாதிரி வையுங்க; பக்கத்துப் புதுப் பாலம் சட்டகத்துக்குள் வராத கோணத்தைக் காலையிலேயே போய்ப் பார்த்துவிடணும்.

வளவுக்குள் கைப்பம்பு வைத்திருக்கிறீங்க. இப்போது நாம் பார்க்கிற அந்த இரும்புப் பம்பு 1970-களின் பிற்பாதியில் வந்தது. கிணறும் கப்பியும்தான் சரி. பிளாஸ்டிக் குடம், பிளாஸ்டிக் கயிறு, நீலத் தார்ப்பாய் மூன்றையும் ஒரு ஆள் தினமும் காலையில் சுற்றி வந்து பொறுக்க வேண்டும். வேறு வேலை கொடுக்காதீங்க அவருக்கு.

லயத்து (தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடு) அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, முன்னால் சின்ன வராந்தா, வரிசையாகத் தகரக் கூரை. வளவு வீடும் கிட்டத்தட்ட அதே அளவு, அதே வரிசை, கூரை மட்டும் ஓடு. ஆகவே ஒரே செட்டில் இரண்டையும் எடுக்கலாம். முதலில் லயம், பிறகு கூரையும் சுவர் நிறமும் மாற்றி வளவு. லயத்துச் சுவர் ஈரம் ஏறி அடியில் பச்சை படிந்திருக்கும். வளவில் சுண்ணாம்பும் நீலமும், அடுப்பு மூலையில் கரி. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, வாசற்படி எத்தனை அங்குலம் என்று நிஜ வளவில் அளந்து கொண்டுவந்து செட்டில் போடுங்க. வெளியே நிஜத்தில், உள்ளே செட்டில் எடுக்கும்போது பல் இளிக்கிற இடம் அந்த வாசற்படிதான்.

பொருநைக்கரை:

இறாத்தல் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்கிறேன் அண்ணாச்சி. கப்பலும் போச்சு. ஆனால் மலை இல்லாமல் எப்படித் தொடங்குவது? மாஞ்சோலைக்கு இரண்டு நாள் போய்வந்தால் முடியாதா?

கால்ஷீட் கணக்கு:

மாஞ்சோலையை விடுங்க வே. களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, வனத்துறை அனுமதி உங்க 24 நாள் திட்டத்துக்கு ஒத்துவராது. அதற்கு மேல், அங்கே தொழிலாளிகள் தலைமுறை தலைமுறையாக இருந்த லயங்களை விட்டு இறங்கச் சொல்லி 2024-லிருந்து நடப்பதெல்லாம் தெரியும். அந்த வாசலில் போய் இன்னொரு ஊர்க் கதைக்கு செட் போடுவது நன்றாயிருக்காது. தனியார் தோட்டம் கோத்தகிரியிலோ வால்பாறையிலோ பேசினால் இரண்டு நாளில் முடியும். ஒன்று கவனிங்க: இன்று கொழுந்து பறிப்பது கத்தரியும் வலைப்பையும் வைத்து. 1973 கண்டியில் கூடை முதுகில், கயிறு தலையில், பறிப்பது விரலால். இன்றைய தொழிலாளிகளைத் தூரத்தில் காட்டிச் சமாளிக்க முடியாது, நிற்கிற நிலையே வேறு.

குழந்தைகள் விஷயம். 2017-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகள்படி, படப்பிடிப்பு நடக்கிற மாவட்டத்தின் ஆட்சியரிடம் முன் அனுமதி. அதாவது கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகம். பெற்றோர் சம்மதம், குழந்தைகளின் பட்டியல், பொறுப்பாளர் பெயர் எல்லாம் உறுதிமொழிப் படிவத்தோடு போகும். நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, இடைவெளி இல்லாமல் 3 மணிக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் வங்கி வைப்பு. தூத்துக்குடியில் சுங்க மேசை எடுத்தால் அது வேறு மாவட்டம், அங்கே தனி அனுமதி. மறந்துவிடுவார்கள்.

5 மணி என்பது மேக்கப், காத்திருப்பு எல்லாம் சேர்த்து என்று வைத்துக் கணக்குப் போடுங்க. நிஜமாகக் கேமரா முன்னால் கிடைப்பது இரண்டரை, மூன்று மணி. உங்க திரைக்கதையில் பெரும்பாலான காட்சியில் பெண்பிள்ளை இருக்கிறாள். 24 நாளில் முடியாது. ஒன்று, அவள் இல்லாத காட்சிகளை அதே நாளின் பின்பாதிக்குத் தள்ளி எழுதணும். இல்லை, நாளைக் கூட்டணும்.

கோழி, ஆடு, மாட்டுவண்டி, குதிரைவண்டி எது சட்டகத்தில் நடித்தாலும் விலங்கு நல வாரியத்தின் முன் அனுமதி, முடிந்த பிறகு தடையின்மைச் சான்று. அது இல்லாமல் தணிக்கையில் தாள் நகராது. குதிரைவண்டியை எடுத்துவிட்டு சைக்கிள் ரிக்‌ஷா போடுங்க, காலத்துக்கும் பொருந்தும்.

பீடி. இதை யாரும் யோசிப்பதில்லை. 2012 விதிப்படி புகையிலைப் பொருள் திரையில் தெரிந்தாலே, குடிக்கிறார்களா என்பதெல்லாம் பேச்சே இல்லை, தெரிகிற நேரம் முழுக்க அடியில் எச்சரிக்கை வாசகம் நிற்கும். படத் தொடக்கத்திலும் நடுவிலும் 30 விநாடி விளம்பரம், 20 விநாடி ஒலி-ஒளி எச்சரிக்கை. அம்மா படம் பூராவும் பீடி சுற்றினால் படம் பூராவும் அடியில் எழுத்து. ஆகவே பீடி தெரிகிற சட்டகங்களைத் தேர்ந்து வையுங்க. மற்ற காட்சிகளில் முறத்தின் விளிம்பு, கத்தரி ஓசை, ஈரச் சாக்கு போதும். கதைக்கு இது அவசியம் என்று ஒரு பக்க விளக்கமும் தணிக்கைக்குத் தயாராக இருக்கட்டும்.

ரயில்: மண்டபம்–நெல்லைப் பாதை அன்று மீட்டர் கேஜ். அப்படி ஒரு வண்டியை இன்று இங்கே வாடகைக்குப் பிடிக்க வழியில்லை. ஒரு பெட்டியின் ஜன்னல் பெஞ்சு மட்டும் மரத்தில் செய்து, இரவுப் பயணமாக்கி, ஒலியில் ஓட்டுங்க.

இலைக்கட்டு:

பீடி பற்றி நாலு வரி. நடிகைக்கு வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும், இல்லாவிட்டால் கை தனியாகத் தெரிந்துவிடும்.

முந்தின ராத்திரி இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைக்கணும். காலையில் தகட்டை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்டணும். நரம்பு தடித்த பக்கம் கழிவு. முறம் மடியில். வெட்டின இலையில் தூளைப் பரப்பி, ஒரு மூலையிலிருந்து சாய்வாகச் சுருட்டி, அகன்ற முனையை நகத்தாலோ குச்சியாலோ மடக்கி அடைத்து, குறுகிய முனைப்பக்கம் நூலால் கட்டணும். 25 ஒரு கட்டு. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. கை பழகியவர் ஒரு நாளில் ஆயிரம் தொடுவார். புதிதாக வந்தவள் முதல் வாரத்தில் அதில் கால்வாசி சுற்றினாலே பெரிசு, அதிலும் கடையில் கழித்துப் போடுவது நிறைய. தூள் அதிகம் வைத்தால் இலை பிளக்கும், குறைத்தால் அமுக்கிப் பார்த்ததும் கழிப்பார்கள். கடையில் கொடுத்த இலை எண்ணிக்கைக்குப் போதாமல் போனால் சொந்தக் காசில் வெளியே இலை வாங்கி ஈடுகட்டணும். கூலி கையில் நிற்காததற்கு இதுதான் பெரிய காரணம். பிந்திய காட்சிகளில் கணக்குப் புத்தகத்தில் இது ஒரு வரியாக வந்தால் தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

படப்பிடிப்பில் வருகிற தொந்தரவு: விளக்குச் சூட்டில் இலை பத்து நிமிஷத்தில் காய்ந்து நொறுங்கும். கேமராவுக்கு வெளியே ஈரச் சாக்கில் ஒரு தனி அடுக்கு வைத்து, ஒவ்வொரு டேக்குக்கும் புது இலை கொடுங்க. தூளுக்குப் பதில் காய்ந்த வேப்பிலையை இடித்துச் சலித்துப் போடலாம், நிறம் ஏறக்குறைய வரும். பெண்பிள்ளை முனை மடக்கிக் கொடுக்கிற காட்சி இருந்தால் கண்டிப்பாக வேப்பிலைத் தூள்தான். குழந்தை கையில் நிஜப் புகையிலை கூடாது, சட்டப்படியும் குற்றம். கிட்டக் காட்சிக்கு மேலப்பாளையத்திலோ முக்கூடலிலோ சுற்றுகிறவர் ஒருவரின் கையை எடுங்க. வளையலும் நகமும் நடிகைக்கு ஒத்துப்போகணும்.

மூணு கால் ஸ்டாண்டு:

அறைக்கு வருவோம். பத்துக்குப் பன்னிரண்டு என்றால் மூன்று மீட்டருக்கு மூன்றரைச் சொச்சம். முழுச் சட்டக சென்சாரில் 28 மி.மீ. லென்ஸ் போட்டு எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டினால் ஐந்து பேரும் அடங்குவார்கள். 24-க்குப் போனால் ஓரத்தில் உட்காருகிற ஆச்சியின் முகம் இழுபடும். இருவர் பேச்சுக்கு 35, வாசலுக்கு வெளியே நின்று உள்ளே பார்க்க 50. இந்த மூன்றுக்கு மேல் வாங்காதீங்க. எல்லாரும் தரையில் உட்காருகிற வீடு, கேமரா உயரம் இரண்டரை அடி. ஸ்டாண்டை நின்ற உயரத்தில் வைத்தால் குடும்பத்தையே குனிந்து பார்க்கிற மாதிரி ஆகிவிடும், கதைக்கும் அது விரோதம்.

செட்டில் ஒரு சுவரைக் கழற்றக்கூடியதாகச் செய்யுங்க. ஆனால் கழற்றிவிட்டு ரொம்பப் பின்னால் போகாதீங்க. லைட்டும் மைக்கும் நிற்க மட்டும் அந்த இடம். ஓட்டில் ஒரு கண்ணாடி ஓடு, அதற்கு மேலே ஒரு பெரிய விளக்கு. உச்சி வெயில் தூணாக இறங்கும், காலை காட்சிக்கு அதையே சாய்த்துச் சுவரில் விழ வைக்கலாம். மின்சாரம் இல்லாத வீடாக எழுதினால் ராத்திரிக்கு அரிக்கேன் விளக்கு. சுடர் வெளிச்சத்தின் நிற அளவு 1,900 கெல்வின் பக்கம், பின்னால் ஒளித்து வைக்கிற எல்.இ.டி.யை அதற்கு இணையாகச் சூடாக்கணும், இல்லாவிட்டால் முகத்தில் இரண்டு நிறம் தெரியும். பக்கத்து வீட்டில் குண்டு பல்பு எரிகிறதென்றால் 24 சட்டக வேகத்துக்கு ஷட்டர் 172.8 பாகை (ஒரு சட்டகத்துக்கு 1/50 விநாடி). நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 180-ல் விட்டால், மலிவு எல்.இ.டி. ஏதாவது கலந்திருந்தால் மினுங்கல் வரும்.

ஒலி. டப்பிங் என்றால் இந்தப் படத்தை எடுக்காதீங்க. சென்னை ஸ்டூடியோவில் வேறு குரல் பேசினால் தோட்டத்துத் தமிழும் டவுண் தமிழும் ஒன்றாகிவிடும். நேரடி ஒலிக்கு எதிரி நம் ஊர் நாள்காட்டிதான். பங்குனியிலிருந்து ஆவணி வரை எங்காவது சுடலைமாடன் கொடை (கோயில் திருவிழா), அம்மன் கொடை, குழாய் ஒலிபெருக்கி கட்டி வில்லுப்பாட்டு. பெரும்பாலும் செவ்வாய், வெள்ளி. ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று மைக்கைத் தின்னும். ஐப்பசி, கார்த்திகை மழை. மிச்சம் பொங்கல் முடிந்து மாசி வரை. வெளிப்புறம் எல்லாம் அதற்குள். உள்ளறை செட்டுக்கு மே மாதம் போனால் வாராந்திர விடுமுறையைச் செவ்வாயிலும் வெள்ளியிலும் வைங்க. ஒவ்வொரு இடத்திலும் வசனமில்லாமல் ஒரு நிமிஷ வெறும் ஒலி எடுக்காமல் கிளம்பக் கூடாது.

பக்கத்து வீட்டு ரேடியோவில் இலங்கை வானொலி கேட்பதாக எழுதியிருக்கிறீங்க. நெல்லையில் எடுக்கும், சரிதான். பழைய சினிமாப் பாட்டு வைத்தால் ஒலிப்பதிவு உரிமை தனி, இசை உரிமை தனி, இரண்டுக்கும் காசு. அறிவிப்பாளர் பேச்சை நீங்களே எழுதி, பாட்டு தொடங்குகிற நொடியில் யாராவது ரேடியோவை அணைக்கட்டும்.

தட்டப்பாறை:

பேச்சுக்கு வருகிறேன். உங்க படியில் குடும்பம் முழுக்க யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறது. இலங்கை என்றாலே அப்படி எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. மலையகத்துக்காரர்கள் பேசுவது திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துப் பழைய பேச்சு, அதில் தோட்டத்துச் சொல் கலந்தது. ஒரே வாக்கியத்தைப் பாருங்க. யாழ்ப்பாணம்: “அவை வந்திட்டுப் போட்டினம்.” மலையகம்: “அவங்க வந்துட்டுப் போய்ட்டாங்க.” நெல்லை: “அவ்வொ வந்துட்டுப் போயிட்டாவ.” உங்க குடும்பத்துக்கு நடுவில் உள்ளது. சொற்கள்: லயம், பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது), கங்காணி, கணக்கப்பிள்ளை, பெரிய தொரை, கொழுந்து, பேர் போடுறது (அன்றைய வேலைக்குப் பெயர் பதிவது), தேத்தண்ணி, பாண் (ரொட்டி). ஒரு காட்சிக்கு இரண்டுக்கு மேல் போட்டால் கண்காட்சியாகிவிடும்.

டவுண்காரர் பக்கம் சினிமாவில் நடக்கிற பெரிய தப்பு, எல்லார் வாயிலும் “லே”. “ஏல” வயதில் சின்னவனுக்கு, “ஏட்டி” சின்னப் பெண்ணுக்கு. “வே” ஒத்த வயது ஆண்களுக்குள். வளவு உரிமையாளரை யாரும் “லே” போட மாட்டார்கள். அவர் அண்ணாச்சி, அவர் வீட்டம்மா மதினியோ ஆச்சியோ. உங்க ஆச்சியை வளவுப் பிள்ளைகள் முதலில் “பாட்டி” என்று கூப்பிடட்டும். பேரப்பிள்ளைகளும் தோட்டத்துப் பழக்கப்படி “அப்பாயி” என்றே கூப்பிடலாம். “ஆச்சி” என்று நீங்க எழுதுவதே டவுண் பழக்கம்.

மாறுகிற வரிசை: பையன் முதலில், இரண்டு மாசத்தில் “நிக்கான்”, “பாக்கான்” வந்துவிடும். பெண் பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று பேசுவாள். அம்மா பீடிக்கடைக்குப் போகிற அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. அப்பா கடையில் வலிந்து “வாங்க அண்ணாச்சி” என்று தொடங்கி, பாதி வாக்கியத்தில் பழைய பேச்சுக்கு விழுவார். பாட்டி கடைசி வரை மாற மாட்டாள். ஒவ்வொரு காட்சித் தாளின் தலையிலும் வந்து எத்தனை மாசம் என்று எழுதி வைத்தால், மாறி மாறி எடுக்கும்போது நடிகர்கள் தடுமாற மாட்டார்கள்.

சாப்பாட்டில் ஒரு நல்ல இடம் சும்மா கிடக்கிறது. சொதி இரண்டு பக்கமும் உண்டு. இங்கே அது கல்யாண மறுவீட்டுச் சாப்பாடு: கெட்டித் தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காய்கறி, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. அங்கே இடியாப்பத்துக்கு ஊற்றுகிற நீர்த்த பால்குழம்பு, ஏழை வீட்டிலும் வைப்பது. வளவில் யாரோ மறுவீட்டுக்குச் சொதி என்று சொல்ல, அம்மா தனக்குத் தெரிந்ததை வைத்துக் கொண்டுபோய் நிற்கலாம். தோட்டத்து ரொட்டிக்குச் சம்பல் இடிக்க மாசிக் கருவாடு வேண்டும், தூத்துக்குடிப் பக்கம் கிடைக்கும். சைவ வளவில் அந்த வாசனைக்கே ஒரு சண்டை வரும்.

பொருநைக்கரை:

எல்லாவற்றையும் பிரித்து எழுதிக்கொண்டேன். ஆக, வெளிப்புறம் தை–மாசியில், செட் உள்ளறை மே விடுமுறையில், குழந்தைகளோடு. நடுவில் ஒன்றரை மாசத்துக்கு மேல் இடைவெளி விழுகிறது. 6 வயதுப் பையனுக்கு நிஜமாகவே 6 வயதுப் பிள்ளையைப் பார்த்து வைத்திருக்கிறேன், நன்றாகப் பேசுகிறான். சரிதானே?

கால்ஷீட் கணக்கு:

சரியில்லை. ஆறிலிருந்து எட்டுக்குள் முன்பல் விழுந்து முளைக்கிற வயசு. மாசியில் வாசலில் நிற்கிறவனுக்குப் பல் இருக்கும், மே மாதம் அதே காட்சியின் தொடர்ச்சியாக உள்ளே நுழைகிறவனுக்கு இருக்காது. செயற்கைப் பல் வைத்தால் பேச்சு குழறும், நீங்களோ நேரடி ஒலி. மேல்வரிசை முன்பல் இரண்டும் விழுந்து முளைத்து முடிந்த, உயரம் குறைந்த எட்டு வயதுப் பையனைத் தேடுங்க. வசனத்தை மனப்பாடம் செய்வதும் லேசு, 5 மணி நேரத்தில் கூடுதல் டேக்கும் கிடைக்கும். பெண்ணுக்கு முடி. மாசியில் முதல் நாள் பின்னல் எந்த இடம் வரை வருகிறது என்று பின்பக்கம் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்க. கோடை விடுமுறையில் வீட்டில் மொட்டை போட்டுவிட மாட்டோம் என்று பெற்றோரிடம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்க. திருச்செந்தூர் நேர்ச்சை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு.